முதல் வாய் சூப் யாருக்கு?

கணவரின் வேலை காரணமாக ஹாங்காங்கில் வசிக்கிறேன். இங்கு பேசும் கான்டனீஸ் மொழியில், 'யாம் தௌ தாம் தோங்' என்று ஒரு வழக்கு உண்டு. 'முதல் வாய் சூப் குடிப்பது' என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு சீன அம்மா, ஒருநாள் சாப்பிட அழைத்தார். விருந்தாளி என்று முதல் கிண்ணம் சூப்பை எனக்குத் தந்ததும், தெரிந்த அந்த வழக்கை எடுத்து விட்டேன். அந்தம்மாவுக்கு ஒரே சிரிப்பு. 'சாப்பாட்டுக்கு இதைச் சொல்வதில்லை. புதுசா ஒரு வியாபாரத்தில், எல்லாருக்கும் முன்னே இறங்கி, நாலு காசு பார்த்தவரைத்தான் இப்படிச் சொல்லணும்' என்று திருத்தினார்.

நானும் சிரித்தேன், ஆனால், மனசு உறுத்தியது. மூன்று மணி நேரம் அடுப்படியில் நின்று, அந்த சூப்பை வைத்தவர் அவர். எல்லாருக்கும் ஊற்றிய பின், அவருக்கு மிஞ்சியது பாத்திரத்தின் அடியில் கொஞ்சம். நம் வீட்டு ரசமும் அப்படித்தானே? தெளிவு அவர்களுக்கு, அடிமண்டி நமக்கு!

இப்போதெல்லாம் ரசம் இறக்கியதும், முதல் டம்ளர் எனக்குத்தான். 'என்னம்மா, முதல் வாய் சூப்பா?' என்று பிள்ளைகள் கேலி செய்கின்றனர். செய்யட்டுமே! சமைத்தவள் முதலில் ஒரு வாய் குடித்தால், குடும்பம் ஒன்றும் குறைந்து விடாது. நீங்களும் குடித்துப் பாருங்களேன், தோழியரே!

- ஒரு வாசகி, ஹாங்காங்.