ஆம்பள சிங்கத்துக்கும் ஒரு டெஸ்ட்

1/ கல்யாணமாகி மூணு வருஷம், குழந்தை இல்லை. மனைவிக்கு ஸ்கேன், ஹார்மோன் டெஸ்ட், கருக்குழாய் எக்ஸ்ரே எல்லாம் முடிஞ்சாச்சு. கணவருக்கு? "அவனுக்கென்ன டாக்டர், ஆம்பள சிங்கம்!" என்கிறார் மாமியார்.

2/ சிங்கமோ சிறுத்தையோ, விந்தணு நீந்தியாகணும். அதுக்குச் சக்தி வேணும். விந்தணுவின் வாலில் சர்க்கரையை உடைத்துச் சக்தி எடுக்க உதவும் தனி நொதி ஒண்ணு இருக்கு. அதற்கான மரபணு ஜிஏபிடிஹெச்எஸ். மனிதரில் 19-ஆவது குரோமோசோமில் இருக்கிறது.

3/ இந்த மரபணுவை நீக்கிய ஆண் எலிகள் பற்றிய ஆய்வு 2004-இல் வெளியானது. விந்தணு உற்பத்தியாச்சு. ஆனா முன்னோக்கி நீந்தல. குட்டியும் இல்லை.

4/ எல்லா ஆணுக்கும் இதே கோளாறுன்னு சொல்லல. காரணங்கள் பல. மீசையையும் உடம்பையும் பார்த்து விந்தணு நீந்துதான்னு கண்டுபிடிக்க முடியாது என்கிறேன். தாம்பத்தியத்தில் குறை இல்லைங்கிறதும் அத்தாட்சி ஆகாது.

5/ விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, வலி இல்லை. அதைச் செய்யாம பெண்ணை மட்டும் குடைவது மருத்துவமே இல்லை, அநியாயம். டெஸ்ட்டுக்குப் பதிலா லேகியம் வாங்குவதும் தீர்வில்லை.

6/ முதல் நாளே ரெண்டு பேரும் வாங்க. "மலடி"ன்னு சொல்ற வாய்க்கு முதல்ல ரிப்போர்ட்டைக் காட்டுங்க.