பூட்டைக் கழற்றினால் வேகம் வருமா?

நாங்கள் பிள்ளைகளின் முகவரி, அடையாள அட்டை இலக்கம் எல்லாம் பதிகின்ற தளம், கடைசித் திகதி நெருங்கினால் அசையாது. "எச்டிடிபிஎஸ்தான் பாரம், எடுத்துவிட்டால் சரி" என்கிறார்கள் அதை நடத்துபவர்கள். இதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

மறைகுறியாக்கத்தின் செலவு பெரும்பாலும் இணைப்புத் தொடங்கும்போதுதான். டொம்கெட் சேர்வர் வழமையான அமைப்பில் ஒரே நேரத்தில் 200 த்ரெட்களில்தான் வேலை செய்யும். அந்த 200உம் தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்து நின்றால் 201ஆவது கோரிக்கைக்கு இடமேது? ஒரு த்ரெட் டம்ப் எடுத்துப் பார்த்தால் அது தெரிந்துவிடும்.

அதைச் செய்யாமல் பூட்டைக் கழற்றினால் வேகமும் வராது. திறந்த வைஃபையில் இருக்கும் எவரும் பிள்ளைகளின் விபரத்தை வாசிக்கலாம். சான்றிதழ் காலாவதியானால் புதுப்பியுங்கள். "எச்சரிக்கை வந்தால் பரவாயில்லை, அழுத்துங்கள்" என்று எங்களைப் பழக்காதீர்கள்.

பெற்றோரே, இது உங்கள் பிள்ளைகளின் விபரம். நீங்களும் கேளுங்கள்.