ஓடி ஓடி நிற்கும் ஜெனரேட்டர்: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி: 2018-ஆம் ஆண்டு கஜா புயலில் பல நாள் கரன்ட் இல்லாமல் தவித்த வேதாரண்யம் பகுதிக் குடும்பம் ஒன்று, அதன்பிறகு சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கியது. போன மழைக்காலத்துக்குப் பிறகு கொட்டகையில் சும்மா கிடந்த அது, இப்போது ஸ்டார்ட் ஆனதும் ஒரு நிமிடத்தில் நின்றுவிடுகிறதாம். புதிது வாங்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார்கள்.

பதில்: அவசரப்பட வேண்டாம். இப்படிக் கிடந்த ஜெனரேட்டரில் பெரும்பாலும் கெட்டிருப்பது இன்ஜின் அல்ல, உள்ளே தேங்கிய பெட்ரோல்தான். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, பீடி, அடுப்பு எதுவும் அருகில் இல்லாத திறந்த இடத்தில் வைத்து வரிசையாகப் பாருங்கள்.

1. சமதரையில் வைத்து ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தால் தானாக நிற்கும் அமைப்பு பல மாடல்களில் உண்டு.

2. பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்.

3. டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டுங்கள். நிற்காமல் ஓடினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

4. சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் ஓடுகிறதா? கார்புரேட்டர் ஜெட் அடைப்புதான் காரணம். கழற்றி, புதுப் பெட்ரோலில் கழுவி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இரும்புக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

5. ஏர் ஃபில்டரிலும் சைலன்சரிலும் குளவிக் கூடு இருக்கிறதா பாருங்கள். ஸ்பார்க் பிளக் கரிபிடித்திருந்தால் துடையுங்கள், இல்லையெனில் மாற்றுங்கள்.

இன்ஜின் ஓடியும் கரன்ட் வரவில்லை என்றால், பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்கு மேல் மெக்கானிக் வேலை.

பழுது நீங்கிய பின் இரண்டு விஷயங்களில் கவனம் தேவை. மழை பெய்கிறதே என்று வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைத்து ஓட்டாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே குடும்பத்தோடு உயிரை எடுத்துவிடும். கதவு, ஜன்னலிலிருந்து தள்ளி, வெளியே நனையாத இடத்தில் வையுங்கள். அடுத்து, ஜெனரேட்டர் ஒயரை வீட்டு பிளக்கில் நேராகச் செருகாதீர்கள். அந்தக் கரன்ட் டிரான்ஸ்பார்மர் வழியே திரும்பிப் போய் உயர் அழுத்தமாக மாறும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் உயிர் போகும். எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள்.

மழைக்காலம் முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓட்டினால், அடுத்த புயலுக்குக் கைகொடுக்கும்.