நடைமேடையில் நின்று எழுதப்படும் தீர்ப்பு

டபிள்யூ.டி.பி.-4டி டீசல் இன்ஜின் அவலட்சணமானது என்று ரயில் ஆர்வலர்கள் தீர்ப்பு எழுதிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மின்மயமாக்கலால் பெங்களூரில் டீசலின் காலம் முடிந்துவரும் இந்நாளில், நினைவஞ்சலிகளிலும் அதே தீர்ப்பு ஒலிக்கிறது. 2001இல் வந்த டபிள்யூ.டி.பி.-4 அமெரிக்க இ.எம்.டி. நிறுவனத்தின் கம்பீரமான படைப்பாம். அதன் பின்முனையில் இன்னோர் ஓட்டுநர் அறையை ஒட்டவைத்து நம்மவர்கள் அதன் வடிவைக் குலைத்துவிட்டார்களாம். இதை ஒரு வடிவமைப்பு விமர்சனமாக ஆய்வாளர்களும் ஏற்றுக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை.

அமெரிக்கச் சரக்கு ரயில்களில் இரண்டு மூன்று இன்ஜின்களைச் சேர்த்து இழுப்பது வழக்கம். இரண்டை முதுகோடு முதுகாகப் பிணைத்துவிட்டால் இரு திசைக்கும் ஓர் ஓட்டுநர் அறை கிடைத்துவிடும். ஆகவே இன்ஜினுக்கு ஓர் அறை அங்கே போதும். இங்கோ அது பெரும்பாலும் தனியாகப் பயணிகள் ரயிலை இழுத்தது. பெங்களூர் போன்ற முனையத்தில் வந்து நின்ற இன்ஜின், கழன்று மறுமுனைக்குச் சென்று இணைகிறது. அதைத் திருப்பி நிறுத்தாவிடில் நீண்ட மூக்கு முன்னால் போகும்; லோகோ பைலட் என்ஜின், ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர் அனைத்தையும் அடக்கிய அந்த நீளத்துக்குப் பின்னால் அமர்ந்திருப்பார். வளைவில் மறுபக்கச் சிக்னல் அவர் கண்ணுக்குப் படாது. உதவியாளரின் குரலை நம்பித்தான் பல நூறு உயிர்களை இழுத்துச் செல்ல வேண்டும். 2010ஐ ஒட்டி, 4500 குதிரைத்திறனுடன் வந்த 4டியின் இரண்டாம் அறை இந்தக் குருட்டுத்தனத்துக்கான மருந்து. அதைத்தான் நாம் 'ஒட்டவைத்த பெட்டி' என்று எள்ளி நகையாடுகிறோம்.

ஆர்வலர்களின் அறிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பதினாறு சிலிண்டர் இரண்டடிப்பு என்ஜினைத் தொலைவிலேயே ஒலியால் இனங்காண்பவர்கள் அவர்கள். வண்ணப்பூச்சைக் கண்டே கிருஷ்ணராஜபுரமா ஹூப்ளியா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்களின் அழகுணர்ச்சி புகைப்படக்காரரின் அழகுணர்ச்சி. இன்ஜினை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஓர் உருவம். உள்ளே இருப்பவருக்கு அது ஒரு பணியிடம். பழைய ஆல்கோ இன்ஜின்களின் கரும்புகையில் கவிதை காண்பவர்கள், அதைச் சுவாசித்த ஷெட் தொழிலாளியிடம் ஒரு சொல் கேட்டதுண்டா?

விமர்சிக்க வேண்டுமானால் பொருளுக்கா பஞ்சம்? அறைக்குள் ஏறும் வெப்பம், இரைச்சல், இருக்கை என்று எவ்வளவோ உண்டு. இந்திய ரயில்வேயில் இன்ஜினுக்குள் கழிப்பறை வைப்பதே 2016இல்தான், அதுவும் ஒரு மின்சார இன்ஜினில், தொடங்கியது. பெண்கள் ரயில் ஓட்டத் தொடங்கிக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது அப்போது. 4டியின் முகவெட்டைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியோர், இதைப் பற்றி எழுதிய ஒரு பக்கத்தையாவது யாரேனும் எனக்குக் காட்டுங்கள்.