கார்னோவை யாரும் வீழ்த்தவில்லை

குவாண்டம் எந்திரம் கார்னோ வரம்பை முறியடித்துவிட்டது என்ற முழக்கம் நம் ஆய்வு வட்டங்களில் அடிக்கடி எழுகிறது. இது பிழையான முழக்கம். பிழை இயற்பியலில் இல்லை. சொற்களைக் கையாளும் முறையில் இருக்கிறது. மொழியியல் பயின்றவன் இதில் தலையிடுவதற்கு அதுவே காரணம்.

1824-இல் கார்னோ வகுத்த வரம்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்திரம் வெவ்வேறு வெப்பநிலையில் சமநிலையிலுள்ள இரு வெப்பத் தேக்கங்களுக்கிடையே இயங்க வேண்டும். 1959-இல் ஸ்கோவிலும் ஷூல்ஸ்-டுபுவாவும் மூன்று ஆற்றல் மட்டங்கள் கொண்ட மேசரை வெப்ப எந்திரமாகக் கணக்கிட்டனர். அதன் உச்சப் பயனுறுதிறனும் கார்னோ வரம்பாகவே அமைந்தது. குவாண்டம் என்பதற்காக விதி விலக்களிக்கவில்லை.

பிறகு எதை முறியடித்தார்கள்? 2014-இல் வெளியான நுண் எந்திரக் கட்டுரையொன்று, கார்னோ வரம்புக்கு அப்பால் என்று தலைப்பிலேயே அறிவித்தது. அதன் வெப்பத் தேக்கமோ சமநிலையில் இல்லாதது. செயற்கையாக அமுக்கப்பட்ட நிலையில் வைக்கப்பட்டது. இரண்டாம் விதிக்கு அதனால் ஊறு எதுவும் இல்லை. 'தேக்கம்' என்ற சொல் மட்டும் பழைய பொருளை விட்டுப் புதிய பொருளுக்குத் தாவியது. அந்நிலையை உருவாக்கும் செலவை விட்டுவிட்டு வெற்றி என்பது, விதைநெல்லின் விலையைச் சேர்க்காமல் விளைச்சல் முழுவதையும் இலாபம் என்பதற்கு ஒப்பாகும்.

பெங்களூரில் 2016-இல் வெளியான ஆய்வு இதை இன்னும் தெளிவாக்குகிறது. பாக்டீரியாக்கள் நீந்தும் நீர்மத்தில் இயங்கிய நுண்துகள் எந்திரம், சமநிலை எந்திரத்துக்குரிய உச்சத்தைக் கடந்தது. அங்கே குவாண்டம் விளைவு எதுவும் இல்லை. வரம்பைத் தளர்த்துவது சமநிலையற்ற தேக்கம். புகழோ குவாண்டத்துக்குப் போகிறது.

குவாண்டம் உண்மையில் தந்தது வேறு. 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டு குழுவினர் வைரத்திலுள்ள நைட்ரஜன்-வெற்றிட மையங்களை எந்திரமாக்கிக் காட்டினர். ஒவ்வொரு சுழற்சியிலும் நிகழும் செயல் மிகச் சிறிதாக இருக்கும்போது, குவாண்டம் ஒத்திசைவுள்ள எந்திரம், அதே வளங்களைக் கொண்ட ஒத்திசைவற்ற எந்திரம் எட்டக்கூடிய உச்சத்தைவிட மிகுந்த திறனைத் தந்தது. கவனியுங்கள்: மிகுந்தது திறன்; அதாவது வேலை நடைபெறும் வேகம். பயனுறுதிறன் என்பது பெற்ற வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கு. நம் பாடநூல் தமிழில் இவ்விரண்டையும் பிரிப்பது 'பயனுறு' என்ற ஓர் அடைமொழியே. அதை உதிர்ப்பவர் ஒரு கண்டுபிடிப்பையே மாற்றிச் சொல்கிறார்.

ஆர்வத்தைத் தூண்டத்தானே அத்தகைய தலைப்புகள் என்பர். அந்த ஆர்வத்தோடு வரும் மாணவர், இரண்டாம் விதியை உடைக்கக் காத்திருக்கும் சுவராகக் கருதுவார். உண்மையான சாதனையான திறன் மிகுதி அவர் கண்ணில் படாது. ஆய்வுச் சுருக்கம் எழுதுவோரும் வகுப்பெடுப்போரும் மூன்று வினாக்களுக்கு விடை சொல்லட்டும்: தேக்கம் சமநிலையில் உள்ளதா? அதை உருவாக்கிய செலவு கணக்கில் உள்ளதா? மிகுந்தது திறனா, பயனுறுதிறனா? விடை இல்லையெனில், 'முறியடிப்பு' என்ற சொல்லை எழுதும் உரிமையும் இல்லை.