ஓடுவோர் கடன்

பூங்கா ஊரார் அனைவர்க்கும் உரியது. முதியோர் அதன் நிழலில் அமர்வர், சிறுவர் விளையாடுவர், உடல்நலம் விரும்புவோர் காலையில் ஓடுவர். எல்லார்க்கும் உரிய அவ்விடத்தைப் பேணும் கடமை யாருடையது? ஊராட்சியினுடையது என்று பலரும் விடை கூறுவர். அவ்விடை முழுமையானதன்று என்பதை இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒரு வழக்காறு உணர்த்துகின்றது.

இலண்டனிலுள்ள புஷி பூங்காவில் 2004ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் பதின்மூவர் கூடி 5 கிலோமீட்டர் ஓடினர். அச்சிறு முயற்சியே பின்னர்ப் 'பார்க்ரன்' என்னும் பேரியக்கமாய்ப் பல நாடுகளிலும் பரவிற்று. அதில் ஓடுவதற்குக் கட்டணம் இல்லை. ஓட்டத்தை நடத்துவோரும் தொண்டர்களே.

பிரிஸ்டல் நகருக்கு அருகிலுள்ள லிட்டில் ஸ்டோக் பூங்காவிலும் இவ்வோட்டம் வாரந்தோறும் நடைபெற்று வந்தது. பல கால்கள் ஒரே பாதையை மிதிப்பின், அது தேய்வது இயல்பு. ஆகவே, பராமரிப்புச் செலவிற்கு ஓடுவோர் பணம் தருதல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு ஏப்ரலில் அவ்வூர் மன்றம் முடிவு செய்தது. கட்டணம் தம் கொள்கைக்கு மாறானது என இயக்கத்தார் மறுத்தனர். முடிவில் அங்கு ஓட்டமே நின்றுவிட்டது.

இரு சாரார் கூற்றிலும் நியாயம் உண்டு. தேய்ந்த பாதையைச் செப்பனிடப் பொருள் வேண்டும்; ஆயினும் கட்டணம் விதிப்பின் வறியோர் ஒதுங்கி நிற்பர். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றுண்டு. அதுவே உழைப்பு.

2009ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிய 'குட்ஜிம்' அமைப்பினர் இவ்வழியில் நடப்பவர். அவர்கள் குழுவாக ஓடிச் சென்று, பூங்காக்களிலும் பொதுத் தோட்டங்களிலும் களை பறித்தல், சருகு வாருதல் போன்ற பணிகளைச் செய்து, மீண்டும் ஓடியே திரும்புவர். உடற்பயிற்சியில் செலவாகும் ஆற்றல் ஊருக்கும் பயன்படுகின்றதன்றோ?

'வரி செலுத்துகின்றோமே, உழைப்பும் தரல் வேண்டுமோ?' எனச் சிலர் வினவலாம். வரி எல்லாரும் செலுத்துவது. பாதையை மிகுதியாகத் தேய்ப்போரோ ஓடுவோரே. மேலும், பணம் கொடுத்தவன் தன் கடன் தீர்ந்ததென அகல்வான். தன் கையால் பாதையைத் திருத்தியவனோ, அதில் குப்பை எறிய ஒருப்படான். பிறர் எறியினும் பொறான்.

எனினும், இத்தொண்டிற்கு எல்லை உண்டு. களை எது, பயிர் எது என்றறியாதார் தோட்டக்காரர் சொற்கேட்டே பணி செய்தல் வேண்டும். தொண்டர் உளர் என்று கருதி ஊராட்சி தோட்டக்காரரை நீக்குதலும் முறையன்று. தொண்டு, கூலி பெறுவோர்க்குத் துணையாகுமேயன்றி, அவர் பிழைப்பைப் பறிக்கும் கருவியாதல் கூடாது.

பொதுப்பொருளைத் துய்ப்பவன் அதனைக் காக்கவும் கடமைப்பட்டவன். பள்ளித் திடலில் விளையாடும் மாணவர்க்கும் இது பொருந்தும். ஆடி முடித்தபின் திடலில் கிடக்கும் கல்லையும் தாளையும் அகற்றக் கால்மணி நேரம் போதும். உரிமையைக் கேட்டுப் பெறலாம். கடமையைத் தாமே முன்வந்து ஏற்றலே அழகு.