டாக்டரின் எடையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

“எடையைக் குறைக்கச் சொல்லும் டாக்டரே இப்படிக் குண்டாக இருக்கிறாரே!” பினாங்கில் கிளினிக்குகளில் மருந்துக்குக் காத்திருக்கும்போது இந்தப் பேச்சை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆண் மருத்துவரின் தொப்பை யார் கண்ணிலும் படுவதில்லை. கேலியெல்லாம் பெண் மருத்துவர்களுக்குத்தான்.

2023ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வுப்படி, மலேசியாவில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ கொண்டவர்கள். 2019ஆம் ஆண்டு ஆய்வில் இன வாரியாக இந்தியர்களே முதலிடத்தில் இருந்தனர். ஆண்களைவிடப் பெண்களிடம் இது அதிகம். அதே சமூகத்தில் வளர்ந்த ஒரு பெண், மருத்துவப் பட்டம் வாங்கியதும் விதிவிலக்காகிவிடுவாரா?

என் அக்கா மருத்துவர். ‘ஆன் கால்’ நாளில் காலையில் போனால் மறுநாள் பிற்பகலில்தான் வீடு திரும்புவார். வேளைக்குச் சாப்பாடு இல்லை. கையில் கிடைக்கும் பிஸ்கட்டும் மைலோவும்தான். நள்ளிரவில் பசித்தால் ஜார்ஜ்டவுனில் எளிதில் கிடைப்பது நாசி கண்டாரும் தே தாரிக்கும். களைத்து வீட்டுக்கு வந்தால் சமையலறை வேலை காத்திருக்கும். உடற்பயிற்சிக்கு நேரம் எங்கே?

“படித்தவருக்குத் தெரியாதா?” என்பார்கள். தெரியும். ஆனால் தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ‘போதும்’ என்று உணர்த்தும் லெப்டின் குறைகிறது. உடலுக்குப் பட்டம் தெரியாது. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய செவிலியர் நல ஆய்வும் இதையே காட்டியது. மாறி மாறி இரவுப் பணி பார்த்த ஆண்டுகள் கூடக் கூட, அந்தப் பெண்களுக்கு எடையும் நீரிழிவு அபாயமும் கூடின.

ஆகவே இதை மன உறுதிக் குறைவு என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. இது முதலில் வேலை நேரத்தின் பிரச்சினை. இரவுப் பணியாளர்களுக்குச் சூடான, சத்தான உணவு வேண்டும். நீண்ட பணிக்குப் பிறகு கட்டாய ஓய்வு வேண்டும். வீட்டு வேலையைக் குடும்பத்தார் பகிர்ந்துகொள்ள வேண்டும். நம்மைக் காப்பவருக்கே நீரிழிவும் இரத்த அழுத்தமும் வந்தால் நட்டம் நமக்கும்தான்.

நண்பர்களே, உங்களில் பலர் மருத்துவக் கனவோடு எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுகளுக்குப் படிக்கிறீர்கள். டியூஷனுக்காக விளையாட்டைக் கைவிடுவதும், விடிய விடியக் கண் விழிப்பதும் இப்போதே தொடங்கிவிடுகின்றன. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை. தினமும் அரை மணி நேரம் நடங்கள், நேரத்தோடு உறங்குங்கள். நாளை நீங்கள் மருத்துவரானால், நோயாளிக்காகப் பேசும் அதே துணிவோடு உங்கள் ஓய்வு நேரத்தையும் கேட்டுப் பெறுங்கள்.